ஆர்எம் கேள்வி கேட்காத நாள்: பாஷ்ஆர்சி ஒரு அறிமுகம்

போன செமஸ்டரில் பெருமுக்கல் மலை ஏறி, அங்கே பாறையில் இருக்கிற பழங்காலக் கீறல் உருவங்களை புராஜெக்ட்டுக்காகப் படம் எடுத்துட்டு வந்தோம். மறுநாள் லேப் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கமாண்ட் அடிச்சேன். மொத்தப் படமும் காலி. லேப் மேல தப்பில்லை. என் லேப்டாப்பில் நானே எழுதி வெச்சிருந்த ஒரு வரிதான் காரணம். அந்த வரி எங்கே இருக்கும், அதை எப்படிச் சரியா எழுதணும்னு பார்ப்போம்.

டெர்மினலைத் திறந்ததும் உள்ளே ஓடுவது ஷெல். உபுண்டுவில் அது பாஷ். பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989-ல் வெளிவந்தது. ஒவ்வொரு தடவை டெர்மினல் திறக்கும்போதும் பாஷ் உங்க ஹோம் ஃபோல்டரில் இருக்கிற 'டாட் பாஷ்ஆர்சி' ஃபைலைப் படிக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரண 'எல்எஸ்'-க்குத் தெரியாது; 'எல்எஸ் -ஏ' போடுங்க. பெயரில் இருக்கிற 'ஆர்சி', 1960-களில் எம்ஐடியில் இருந்த 'ரன்காம்' என்ற வசதியிலிருந்து வந்தது.

செய்முறை:

1. முதலில் 'சிபி' போட்டு அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுங்க. நகல் எடுக்காமலே கெடுத்துட்டீங்கன்னா, 'இடிசி' ஃபோல்டருக்குள் 'ஸ்கெல்' ஃபோல்டரில் ஒரிஜினல் இருக்கும்.

2. 'நானோ'வில் திறந்து, கடைசியில் உங்க வரியைச் சேருங்க. அடிக்கடி அடிக்கிற நீளமான கமாண்டுக்குச் சின்னப் பெயர் வைக்க 'ஏலியாஸ்' இருக்கு. சமக்குறிக்கு முன்னாடியோ பின்னாடியோ இடைவெளி விடாதீங்க. பாதிப் பேர் மாட்டுறது அங்கேதான்.

3. சேவ் பண்ணிட்டு 'சோர்ஸ்' கமாண்ட் கொடுங்க, இல்லைன்னா புது டெர்மினல் திறங்க. அதுவரைக்கும் மாற்றம் தெரியாது.

இனி என் கதை. 'ஆர்எம்' அழிக்கிற கமாண்ட். அதுக்கு குப்பைத்தொட்டி கிடையாது. '-ஐ' சேர்த்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் "அழிக்கவா?"ன்னு கேட்கும். அதனால் பலரும் சொல்ற மாதிரி நானும் இப்படி எழுதியிருந்தேன்:

ஏலியாஸ் ஆர்எம்='ஆர்எம் -ஐ'

வீட்டில் மங்கலான படங்களைக் கழிக்க இதுதான் என் வழி. எல்லாப் படத்துக்கும் சேர்த்து ஆர்எம் போடுவேன். அது கேட்கக் கேட்க ஆமாம், இல்லைன்னு சொல்லிட்டே போவேன். லேப்பிலும் கை அதையே அடிச்சது. அங்கே என் பாஷ்ஆர்சி இல்லை. அது எதையும் கேட்கலை. கேமரா கார்டையும் அப்பவே ஃபார்மேட் பண்ணியிருந்தோம். அடுத்த ஞாயிறு திரும்பவும் மலை ஏறினோம்.

இப்போ எழுதியிருக்கிற வரி இது:

ஏலியாஸ் அழி='ஆர்எம் -ஐ'

மற்ற கமாண்டுகளை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும். 'அழி'யைத் தமிழிலேயே அடிக்கலாம், பாஷ் ஏத்துக்கும். வேற கம்ப்யூட்டரில் பழக்கதோஷத்தில் 'அழி'ன்னு அடிச்சால், அப்படி ஒரு கமாண்டே இல்லைன்னு திட்டும். திட்டட்டும், ஃபைல் பத்திரமா இருக்கும்.

ஆபத்தான கமாண்டுக்குப் பாதுகாப்பு சேர்க்கும்போது அதே பெயரில் சேர்க்காதீங்க. புதுப் பெயர் வையுங்க. பாஷ்ஆர்சி உங்க மெஷினில் மட்டும்தான் இருக்கு, ஆனா கைப்பழக்கம் நீங்க போற எல்லா மெஷினுக்கும் கூடவே வரும்.