கேட்டுப் பெற்ற முகவரி

நம் பள்ளி மாணவியர் பலரின் அன்னையர் இன்று வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகச் சிறு வாணிபம் செய்து வருகின்றனர். ஊறுகாய், சத்துமாவு, தைத்த உடை, மணி கோத்த காதணி என்று பொருள்கள் பலவாயினும், வாடிக்கையாளர் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும்தாம். வாங்கியவர் யார், மீண்டும் அவரை எங்கே தேடுவது என்ற குறிப்பு பலரிடம் இல்லை. இதிலுள்ள ஆபத்தையும், இதற்கு மாற்றாக மின்னஞ்சல் பட்டியல் ஒன்றைச் சேர்க்கும் முறையையும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இங்கே எழுத முற்படுகிறோம்.

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்கு நம் நடுவண் அரசு தடை விதித்தது. அத்தடையின் காரணங்களை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆனால் அச்செயலியில் தையலையும் சமையலையும் செய்து காட்டிப் பொருள் விற்று வந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த பார்வையாளர்களுக்கு, “எங்களை இனி இங்கே காணலாம்” என்று ஒரு வரி எழுதக்கூட வழியில்லாமற் போயிற்று. அடுத்த ஆண்டு, 2021 அக்டோபர் 4 அன்று, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. பிறர் திண்ணையில் கடை போட்டால், அவர் கதவைச் சாத்தும்போது நாமும் எழுந்து போக வேண்டியதுதான்.

மின்னஞ்சல் அத்தகையதன்று. 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியே மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். முகவரியின் நடுவே நாம் இடும் சுழிக் குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. அன்று முதல் இன்று வரை அது எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுடைமை ஆகவில்லை. ஜிமெயிலில் இருப்பவர் யாகூவில் இருப்பவருக்கு எழுதலாம். பட்டியலை ஒரு கோப்பாக நம்மிடம் வைத்துக்கொண்டால், ஒரு நிறுவனத்தின் சேவையை விட்டு மற்றொன்றுக்கு மாறினாலும் பட்டியல் நம்முடன் வரும்.

பட்டியல் சேர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, கேட்டுப் பெறுவது. மற்றொன்று, கேளாமல் எடுத்துக்கொள்வது. இரண்டாவது வழிக்குப் பழைய எடுத்துக்காட்டு 1978 மே மாதம் நடந்தது. கணினி விற்கும் ஓர் அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க் என்பவர், அச்சிட்ட விலாசப் புத்தகம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 400 பேரைப் பொறுக்கியெடுத்து, தம் புதிய கணினியைக் காண வருமாறு ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்குரிய இடத்தில் அடங்காமல் கடிதத்தின் உள்ளேயே வழிந்து நின்றனவாம்! பெற்றவர்கள் பலர் கோபங்கொண்டனர். இன்று நாம் ‘ஸ்பேம்’ என்றழைக்கும் குப்பைக் கடிதத்தின் முன்னோடி அதுவே. காசு கொடுத்து முகவரிப் பட்டியல் வாங்குவோர் இன்றும் உளர். ஆயிரக்கணக்கில் பெயர் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்பெயர்களுள் ஒன்றும் நம்மைத் தேடி வந்ததன்று.

கேட்டுப் பெறுவது எவ்வாறு? தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் பெண்கள் பனையோலைப் பொருள்கள் முடைவதை நம்மில் பலர் அறிவோம். அத்தகைய பெட்டிகளை இணையத்தில் விற்கும் ஓர் அம்மையாரைக் கற்பனை செய்துகொள்வோம். “உங்கள் மின்னஞ்சலைத் தாருங்கள்” என்று வெறுமனே கேட்டால் யாரும் தரமாட்டார். தருவதற்கு ஒரு காரணம் வேண்டும். ஓலைப் பெட்டி வாங்கியவருக்கு உள்ள கவலை யாது? மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்குமே என்பதுதான். ஆகவே, ஈரத்தில் வைக்காமல் இருப்பது, உலர்ந்த துணியால் துடைப்பது, நிழற்காற்றில் காய வைப்பது முதலியவற்றைப் படத்துடன் ஒரு பக்கத்தில் எழுதி, “இக்குறிப்பை அனுப்பி வைக்கிறோம். மாதம் இருமுறை புதிய பெட்டிகளைப் பற்றியும் எழுதுவோம். விருப்பமானால் முகவரி தருக” என்று கேட்கலாம். பொருளோடு வைக்கும் சிறு சீட்டிலும், பங்குத் திருவிழாக் கடையில் வைக்கும் நோட்டுப் புத்தகத்திலும், இணையக் கடையின் படிவத்திலும் இதே சொற்கள் இருக்கலாம். படிவத்திலுள்ள சம்மதக் கட்டத்தில் நாமே முன்கூட்டி ‘டிக்’ போட்டு வைத்தல் கூடாது. வாடிக்கையாளர் கைதான் அதைப் போட வேண்டும்.

முகவரி வந்தவுடன், “சேர விரும்பியது தாங்கள்தாமா?” என்று ஒரு கடிதம் அனுப்பி, அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்திய பின்னரே பட்டியலில் சேர்ப்பது நல்லது. இதனால் சிலர் குறைவர். இருப்பினும் தவறாக எழுதிய முகவரிகளும், ஒருவர் பெயரில் வேறொருவர் விளையாட்டாகக் கொடுத்தவையும் வாயிலிலேயே நின்றுவிடும்.

சம்மதம் என்பது இப்போது மரியாதை மட்டுமன்று, சட்டமும் ஆகும். 2023இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவாகவும் கட்டாயமின்றியும் பெறப்பட வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாயிருக்க வேண்டுமாம். அச்சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவருடைய விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பதினைந்து வயதில் எங்களைக் குழந்தை என்பது சற்றே வருத்தந்தான். ஆயினும் பரிசுப் போட்டி என்று சொல்லி எங்கள் முகவரியைக் கேட்கும் படிவங்களை நினைக்கையில், இவ்விதி எங்களுக்குச் சம்மதமே.

அஞ்சல் நடத்தும் நிறுவனங்களும் கண்டிப்பானவை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்குப் புதிய விதிகள் வகுத்தன. ஒரே அழுத்தத்தில் விலகும் வசதி இருத்தல் வேண்டும். ‘குப்பை’ என்று புகார் செய்வோர் 0.3 விழுக்காட்டை எட்டலாகாது. ஆயிரம் பேருக்கு மூவர் என்று கணக்கிட்டால் இது எவ்வளவு சிறிது என்பது விளங்கும். விலகும் வழியை ஒளித்து வைத்தால் அவர் புகார்ப் பொத்தானைத்தான் அழுத்துவார். அதற்குப் பின், விரும்பிக் கேட்டவருக்கு நாம் எழுதும் கடிதமும் குப்பைப் பெட்டியில் விழக்கூடும்.

கடிதம் அனுப்புவதில் இன்னொன்று. எல்லா முகவரிகளையும் ‘பெறுநர்’ இடத்தில் வரிசையாக இட்டு அனுப்பினால், ஒருவருடைய முகவரி மற்றெல்லார் கண்ணிலும் படும். நம்மை நம்பித் தந்ததை ஊருக்குக் காட்டுவதற்கு இது ஒப்பாகும். பட்டியல் வளர்ந்தால் இதற்கென்றே உள்ள சேவைகளைப் பயன்படுத்தலாம். சிறு பட்டியலுக்குக் கட்டணம் வாங்காதவையும் அவற்றில் உண்டு.

வளர்ச்சி மெதுவாகத்தான் வரும். அந்த அம்மையாரிடம் மாதம் இருபது பேர் சேர்ந்து ஐவர் விலகுவதாகக் கொண்டால், ஆண்டு முடிவில் 180 பேர் இருப்பர். இன்ஸ்டாகிராமில் காணும் எண்ணிக்கைகளுக்கு முன் இது ஒன்றுமில்லை எனத் தோன்றலாம். ஆனால் அந்த 180 பேரும் ‘எழுதுங்கள்’ என்று தாமே சொன்னவர்கள். டிசம்பர் முதல் வாரத்தில், கிறிஸ்துமஸ் கேக் வைத்துக் கொடுக்க ஏற்ற மூடிப்பெட்டிகள் நாற்பது மட்டும் முடைந்திருப்பதாக அவர்களுக்கு எழுதினால், எத்தனை பெட்டி போகும், அடுத்த ஆண்டுக்கு எத்தனை ஓலை வாங்கி வைக்கலாம் என்பதை அவர் ஒருவாறு கணித்துவிடலாம். ஓராண்டு முழுவதும் ஒரு கடிதத்துக்கும் பதிலளிக்காமல், ஒன்றும் வாங்காமல் இருப்பவருக்கு, “இன்னும் எழுதலாமா?” என்று ஒரு முறை கேட்டுவிட்டு, விடை வராவிட்டால் அப்பெயரை எடுத்துவிடலாம்.