குகைகளைப் பார்வையிடச் செல்லும் மாணவருக்கு
க.பொ.த. (சா/த) – வரலாறு
அலகு: இலங்கையின் வரலாற்றுக்கு முற்பட்ட காலம்

மாணவர்களே, "குகைகளில் கற்கருவிகள் கிடைத்தன" என்று மட்டும் எழுதிப் புள்ளிகளை இழப்போர் பலர். அக்கருவி எந்த மண்படையில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பதே வரலாற்றுச் சான்றாகும். இதனை நேரில் விளங்கிக்கொள்ள ஈரவலயக் குகைகள் சிறந்த இடங்கள்.

1. பார்க்கவேண்டிய குகைகள்

• பாஹியன் குகை (களுத்துறை மாவட்டம், புலத்சிங்களவுக்கு அண்மையில்): சுமார் 48,000 ஆண்டுகள் வரை பழைமையான மனித வாழ்வின் தடயங்கள் கிடைத்துள்ளன. பாஹியன் எனும் சீனத் துறவி இலங்கைக்கு வந்தது கி.பி. 5ஆம் நூற்றாண்டிலாகும். எனவே பெயரை வைத்துக் குகையின் காலத்தைத் தீர்மானித்தல் தவறு.

• பட்டதொம்பலென (இரத்தினபுரி மாவட்டம், குருவிட்ட): மனித எலும்புகளும் கேத்திரகணித வடிவ நுண்கற்கருவிகளும் கிடைத்தன.

• பெலிலென (கேகாலை மாவட்டம், கித்துல்கல): கரையோரத்திலிருந்து உப்புக் கொண்டுவரப்பட்டதற்கான சான்று கிடைத்தது.

பலங்கொடை மனிதன் குகைகளில் மட்டும் வாழவில்லை. பெல்லன்பெந்திபெலஸ்ஸ ஒரு திறந்தவெளி வாழிடமாகும்.

2. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில் குகையின் அமைவிடத்தைப் பாருங்கள். மழை உள்ளே அடிக்காதா? அருகில் நீர் உண்டா? அடுத்து, அகழ்ந்த குழி திறந்திருந்தால் அதன் பக்கச் சுவரை நோக்குங்கள். மண்ணின் நிறம் படைபடையாக மாறுவது தெரியும். மண் கலையாதிருந்தால் கீழ்ப்படை பழையது, மேற்படை பிந்தியது.

ஒரே படையில் மரக்கரி, குரங்கு மற்றும் அணில் எலும்புகள், நத்தை ஓடுகள், நுண்கற்கருவிகள் ஆகியன சேர்ந்து கிடைத்தால், மரக்கரியைக் காபன் 14 முறையில் ஆராய்ந்து அப்படையின் காலத்தை அறியலாம். அக்காலத்து மனிதன் எதை வேட்டையாடினான், எதை உண்டான், நெருப்பைப் பயன்படுத்தினானா என்பனவும் தெரியவரும்.

3. எதையும் எடுக்காதீர்கள்

நுண்கற்கருவி ஒன்று விரல்நகம் அளவே இருக்கலாம். அதை ஞாபகப் பொருளாகச் சட்டைப்பையில் போட்டால், வீட்டுக்கு வந்து சேர்வது வெறும் படிகக்கல் துண்டே. அதன் படையும் அயற்பொருள்களும் அதனுடன் வருவதில்லை. புதையல் தோண்டுவோர் செய்யும் பெரும் அழிவும் இதுவே. அவர்கள் பொன் தேடி மண்ணைப் புரட்டும்போது படைகள் கலந்துவிடுகின்றன. கலந்த மண்ணை மீண்டும் அடுக்க எவராலும் முடியாது. எழுத்து இல்லாத காலத்துக்கு இம்மண்ணே ஏடு. தொல்பொருட்களைப் பாதுகாக்க 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் உள்ளது. அனுமதியின்றி அகழ்தல் குற்றமாகும். தற்செயலாக ஏதேனும் கண்டால் தொடாமல் ஆசிரியருக்குக் கூறுங்கள்.

4. மாதிரி வினா

கித்துல்கல பெலிலெனவில் கிடைத்த உப்புப் பற்றிய சான்றிலிருந்து பெறக்கூடிய முடிவு யாது? (2 புள்ளிகள்)

விடை: உள்நாட்டுக் குகைவாசிகளுக்கும் கரையோரத்துக்கும் தொடர்பு இருந்தது. அவர்கள் தாமே கரைக்குச் சென்றிருக்கலாம், அல்லது பண்டமாற்றாகப் பெற்றிருக்கலாம்.

நினைவிற் கொள்க: பொருளை எழுதினால் பாதி விடை. அதிலிருந்து பெறும் முடிவையும் எழுதினால் முழு விடை.