பவளமணியும் சிறு விருந்தினரும்

தோட்டம் இடுவோருள் தம் கண்ணுக்கு இனிமை நாடி இடுவோரே மிகுதி. பூவின் நிறத்தைக் கண்டு மகிழ்கின்றோம், மணத்தை நுகர்கின்றோம், பறித்துச் சூடுகின்றோம். ஆயினும், பூ நமக்காக மலர்வதன்று. அதற்கு உரிய விருந்தினர் வேறு உளர். அவர்களை வரவேற்பதற்கென்றே தோட்டம் இடும் வழக்கம் வட அமெரிக்காவில் பரவியுள்ளது. அத்தோட்டங்களில் விரும்பி வளர்க்கப்படும் செடி ஒன்றைப் பற்றி இங்கே காண்போம்.

அச்செடியைப் பவளமணி என்று நாம் கூறலாம். அதன் பூக்கள் பவளம்போற் சிவந்தும், சிறு மணிபோல் தொங்கியும் விளங்குவதால், ஆங்கிலத்திலும் அதே பொருள்படக் 'கோரல் பெல்ஸ்' என்று வழங்குகின்றனர். தாவர நூலார் இவ்வினத்தை 'ஹியூக்கெரா' என்பர். இது ஹியூக்கர் என்னும் செருமானிய மருத்துவரின் நினைவாக அமைந்த பெயர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இடம் பெற்றது. இவ்வினத்தில் செம்பூப் பூக்கும் வகை, அரிசோனா, நியூ மெக்சிகோ, வட மெக்சிகோ ஆகிய பகுதிகளின் பாறை இடுக்குகளில் தானே வளர்வது.

பாறை இடுக்கில் நீர் தேங்காது; இலைமக்கு மட்டும் தங்கும். செடியின் இந்த இயல்பை அறிந்தவனே அதனை நன்கு வளர்க்க வல்லவன். நீர் வடியும் மண்ணில் மக்கிய இலையுரத்தைக் கலந்து, காலை வெயிலும் பிற்பகல் நிழலும் உள்ள இடத்தில் இதனை நடுதல் வேண்டும். வேரும் தண்டும் கூடும் இடம் மண்மட்டத்தில் இருத்தல் நன்று. ஆழப் புதைப்பின் அழுகிவிடும். குளிர்காலத்தில் உறைபனியால் மண் பொருமிச் செடி மேலெழுவதுண்டு. அப்போது மீண்டும் அழுத்தி மண் அணைத்தல் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை தூரைப் பிரித்து நட்டால், ஒரு செடி பல செடிகளாகப் பெருகும். வேனில் தொடங்கும் வேளையில், இலைக்கொத்தின் நடுவிலிருந்து மெல்லிய காம்புகள் எழும்பிப் பூக்கும். வாடிய காம்புகளை அவ்வப்போது களைந்தால் பூக்காலம் நீளும்.

அந்தப் பூக்களை நாடி வரும் விருந்தினருள் முதன்மையானது ரீங்காரச் சிட்டு. சிறகடிக்கும்போது எழும் ஒலியால் இப்பெயர் பெற்றது. இக்குடும்பத்துப் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வன. கிழக்குப் பகுதித் தோட்டங்களுக்கு வருவது, ஆணின் கழுத்து மாணிக்கம்போல் ஒளிரும் வகையாகும். அதன் எடை ஏறத்தாழ 3 கிராம். ஒரு நொடியில் ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கும். பவளமணியின் நூல்போன்ற காம்பு எப்பறவையையும் தாங்காது. இச்சிட்டிற்கோ காம்பே வேண்டுவதில்லை. காற்றில் நின்றபடியே நீண்ட அலகைப் பூவினுள் நுழைத்துத் தேன் அருந்தும். பின்னோக்கிப் பறந்து அடுத்த பூவிற்குச் செல்லும். அலகிலும் தலையிலும் ஒட்டிய மகரந்தம் மற்றொரு பூவைச் சேரும். விருந்துண்டவர் கைம்மாறு செய்துவிட்டே செல்கின்றனர்!

இச்சிறு பறவை குளிர்காலத்தை மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் கழித்து, இளவேனிலில் வடக்கே வருகின்றது. இலையுதிர்காலத்தில் மீண்டும் தெற்கே செல்லும். அவ்வழியில் மெக்சிகோ வளைகுடா குறுக்கிடுகின்றது. இவற்றுட் பல, எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடலைக் கடக்கின்றன. கடல்மேல் பூவும் இல்லை. அமரக் கிளையும் இல்லை. ஆகவே, புறப்படுமுன் உண்டு கொழுத்துத் தன் எடையை ஏறத்தாழ இரு மடங்காக்கிக் கொள்ளும். அக்கொழுப்பே அதன் கட்டுச்சோறு. காடுகள் அழிந்து ஊர்கள் பெருகிய இடங்களில் அக்கட்டுச்சோற்றை அளிப்பவை வீட்டுத் தோட்டங்களே. பவளமணியின் பூக்காலம் அதற்கு முன்பே முடிந்துவிடும். அதனால் அறிவுடையோர், கோடையின் பிற்பகுதியில் பூக்கும் செந்நிறக் கார்டினல் மலரையும் அருகில் நடுவர். வரும்போதும் போகும்போதும் உணவளிக்கும் சத்திரமாகத் தோட்டம் அமைதல் வேண்டும் அன்றோ?

வண்ணத்துப்பூச்சிகளும் இத்தோட்டத்திற்கு வரும். அவற்றுக்குத் தேன் மட்டும் போதாது. முட்டையிடத் தக்க செடியும் வேண்டும். மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு, பால் வடியும் மில்க்வீட் என்னும் செடியின் இலையையே உண்டு வளரும். இலையைக் கடிக்கின்றதே என்று புழுவைக் கொல்பவன் வண்ணத்துப்பூச்சியையே கொன்றவன் ஆவான். பூச்சிமருந்து தெளித்தால் பறவைக்கும் கேடு. ரீங்காரச் சிட்டு தன் குஞ்சுகளுக்குச் சிறு பூச்சிகளையும் ஊட்டி வளர்ப்பதே அதற்குக் காரணம். ஓட்டையான இலைகள் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளுதலே இவ்விருந்தோம்பலின் விலை.

மாணவர்களே, ரீங்காரச் சிட்டு நம் நாட்டில் இல்லை. ஆயினும், செம்பருத்தியிலும் வாழைப்பூவிலும் தேன் உண்ணும் தேன்சிட்டு இங்கே உண்டு. மொனார்க்கின் நெருங்கிய இனமாகிய செம்பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி, மில்க்வீட்டின் உறவாகிய எருக்கின் இலையில் முட்டையிடுகின்றது. ஆதலின், வேலியோரத்து எருக்கை வெட்டுமுன் அதன் இலையைச் சற்றே திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு விருந்தினர் வளர்ந்துகொண்டிருக்கலாம்.