மரம் இல்லாத மலை

அன்புள்ள யாழினிக்கு,

மன்னார் வளைகுடாவைப் பற்றிப் படித்துவிட்டு, "மற்ற இடமெல்லாம் இதற்குக் கீழேதானே?" என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 21 தீவுகளைச் சுற்றிய அந்த ஆழமற்ற கடலில் பவளத்தில் மட்டும் 117 வகைகள். எல்லா உயிர்களையும் சேர்த்தால் சுமார் 3,600. வெயில் அடிவரை இறங்குகிறது, நீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பாக இருக்கிறது, பவளப்பாறையின் ஒவ்வொரு பொந்திலும் ஏதோ ஓர் உயிர் குடியிருக்கிறது.

அதே கடற்கரையில் வடக்கே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் மரவகைகள் மிகக் குறைவு. சேற்றில் காற்றில்லை, தண்ணீரில் உப்பு. வேறு மரமென்றால் வேர் அழுகிவிடும். இங்குள்ள வெண்கண்டல் மரமோ சேற்றுக்கு மேலே பென்சில்களை நட்டதுபோல வேர்களை நீட்டி மூச்சு விடுகிறது. உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது. காய்ந்த இலையைத் தடவினால் உப்புப் பொடி விரலில் ஒட்டும். இன்னொரு அலையாத்தி மரமான சுரபுன்னையின் விதை மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்டு வளர்ந்த பிறகே கீழே விழுகிறது. இந்த மரங்களின் வேர்களுக்கிடையில்தான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால் என்ன கேடு வரும் என்பதை நீலகிரி காட்டிவிட்டது.

அங்கே உச்சிப் பகுதிகளில் பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. குளிர்கால இரவில் புல்வெளியில் உறைபனி விழும். முளைத்து வரும் மரக்கன்று கருகிப்போகும், புல் தாங்கிக்கொள்ளும். இந்த ஏற்பாடு பல்லாயிரம் ஆண்டுப் பழையது. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் அந்தப் புல்வெளி, மரங்கள் இல்லாததால், வெறும் தரிசாகத்தான் கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் யூக்கலிப்டஸையும் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. தொழிற்சாலைக்கு மரம் கிடைத்தது. மலை பச்சையாகவும் தெரிந்தது. ஆனால் புல்வெளிக்கு எவ்வளவு பெரிய இழப்பு அது!

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி புல்வெளிச் சரிவுக்குரிய செடி. நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை புல் கொத்துக்கு அடியில், தரையிலேயே கூடு கட்டும். நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேயப் புல் வேண்டும், சிறுத்தை வந்தால் ஏறித் தப்பப் பாறை வேண்டும். சீகை அடர்ந்த இடத்தில் இவை எதற்கும் வழியில்லை. 2024 கணக்கெடுப்பில் தமிழகத்தில் கணக்கிடப்பட்ட வரையாடுகள் 1,031தான்.

இப்போது நீலகிரியின் முக்குருத்திப் பக்கம் சீகையை வெட்டி அகற்றிவருகிறார்கள். சுலபமான வேலை இல்லை. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்; வெட்டிய இடத்தில் மழைக்குப் பிறகு கூட்டமாக முளைக்கும். அவற்றைக் கையால் பிடுங்கி, நாட்டுப் புல்லை நட்டு, அடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வந்து பிடுங்குகிறார்கள்.

அன்புடன்,
சித்தப்பா