வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்குப் போகிறாயா, தம்பி?

சித்தப்பா மேல் பாகப்பிரிவினை கேஸ் போட்டு, நீயே வாதாடப்போவதாக அம்மா சொன்னாள். தாராளமாகச் செய். உன் வழக்கில் நீயே ஆஜராகலாம் என்று 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. ஆனால் நியாயம் பேசுகிற கட்டம் வருவதற்குள் ஆளைத் தேதியும் தாளும் சாய்த்துவிடும். அதனால் சில விஷயம் கேட்டுக்கொள்.

எந்த ஊர்க் கோர்ட் என்பதற்கு நீ தெப்பக்காட்டில் குடியிருப்பது கணக்கில்லை. நிலம் இருக்கும் இடம்தான் கணக்கு. பட்டாவில் எந்தத் தாலுகா என்று பார்த்தால்தான் கூடலூரா ஊட்டியா என்பது தெரியும். முன்சீப் கோர்ட்டா சப் கோர்ட்டா என்பதை மதிப்பு முடிவு செய்யும்.

பங்குக்காரர் ஒருவர்கூட விடுபடக் கூடாது. என்னையும் சேர்த்தாக வேண்டும். அக்காதானே என்று விட்டுவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு சித்தப்பா வக்கீல் வழக்கைக் கவிழ்த்துவிடுவார். அம்மா வாதியாக இருந்தால் அவளுக்காகவும் நீயே வாதாட முடியாது. பவர் எழுதி வாங்கினாலும் வாதாடக் கோர்ட் அனுமதி தனியாக வேண்டும்.

பிராதில் ஒரு வரியை நிதானித்து எழுது. நிலம் கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் கோர்ட் ஃபீஸ் நிலையான தொகை. உங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்று எழுதினாலோ, பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்ப ஃபீஸ் கட்டவேண்டி வரும். ஃபீஸுக்குப் பயந்து பொய் எழுதாதே, குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வாய். சொத்து விவரத்தில் சர்வே நம்பர், உட்பிரிவு, நான்கு எல்லை எல்லாம் பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்.

தாக்கல் செய்த அன்றே நம்பர் விழுந்துவிடாது. நகல் குறைவு, ஜெராக்ஸ் மங்கல் என்று குறை எழுதிக் கட்டைத் திருப்புவார்கள். பதறாதே, குறித்த நாளுக்குள் சரிசெய்து மறுபடி போடு. நம்பர் விழுந்ததும் பேட்டா கட்டு. கட்டாவிட்டால் சம்மன் போகாது.

வாய்தா தேதியை இ-கோர்ட்ஸ் ஆப்பில் பார்க்கலாம். 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள். ஆனால் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் காட்டு ரோட்டில் பொதுவாகக் காலை 6 மணிக்குப் பிறகுதான் வண்டி விடுவார்கள். அதன்பிறகும் யானை மறிக்கும். சித்தப்பா தரப்பு வந்து, பெயர் கூப்பிடும்போது நீ இல்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகலாம். அப்படி ஆனால் 30 நாளுக்குள் மனுப் போட்டு மீட்க வேண்டும். முதல் நாளே போய்த் தங்கிவிடு.

அம்மாவுக்கு இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. 15100-க்குப் போன் போடு. பிராது எழுதவும் உதவுவார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்வேன்.

முதல்நிலைத் தீர்ப்பாணை வந்ததும் ஸ்வீட் வாங்கிவிடாதே. அது யாருக்கு எவ்வளவு பங்கு என்று மட்டும்தான் சொல்லும். கோர்ட் கமிஷனர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை முத்திரைத்தாளில் ஏறினால்தான் நிலம் பிரிந்ததாகக் கணக்கு.