பத்து சென்ட் சீட்டு: வகுப்பு 7, சதவீதம்

அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1996இல் 'பாக்ஸ் டாப்ஸ் ஃபார் எஜுகேஷன்' திட்டத்தைத் தொடங்கியது. உணவுப் பெட்டியிலுள்ள சிறு சீட்டை வெட்டிப் பள்ளியில் கொடுத்தால், சீட்டுக்கு 10 சென்ட் பள்ளிக்குச் சேரும். 2019இல் ரசீதைக் கைபேசியில் படமெடுக்கும் முறைக்கு மாறினர்.

ஒரு பெட்டியின் விலை 4 டாலர் எனக் கொண்டு மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள்:

1. 100 டாலருக்கு நூலகப் புத்தகம் வாங்க எத்தனை சீட்டுகள் வேண்டும்? (1000)
2. பெற்றோர் செலவு? (4000 டாலர்)
3. பள்ளிக்குச் சேர்ந்தது எத்தனை சதவீதம்? (2.5)

பின்பு கலந்துரையாடல். எப்படியும் வாங்கும் பொருளென்றால் 10 சென்ட் வரவு. சீட்டுக்காகவே வாங்கினால் 4 டாலர் செலவு. எந்தப் பகுதிப் பள்ளிக்கு அதிகம் சேரும்? சீட்டு கொண்டுவர இயலாத குழந்தையின் மனநிலை என்ன? விடைகளை மாணவர்களே சொல்லட்டும். 'இலவசம்' என வரும் எந்த விளம்பரத்தையும் இக்கணக்கால் சோதிக்கப் பழகுவர்.