கட்டம் போட்டு எழுதாதே, தம்பி



போன வாரம் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தபோது நீ மேஜையில் வைத்துவிட்டுப் போன நாலு பக்கத்தையும் அன்று ராத்திரியே படித்துவிட்டேன். 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' கேமுக்கு நீ எழுதிய விமர்சனம். மறுநாள் இன்னொரு தடவை படித்தேன். நேரில் சொல்லலாம் என்றால் கடையில் ஆதார் திருத்தம், பட்டா நகல் என்று ஆள் வந்துகொண்டே இருப்பார்கள், பேச்சு அறுந்துபோகும். அதனால் எழுதுகிறேன். உன்னைப்போல் எழுத வருகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

விமர்சனம் எதற்கு, கதையை எதுவரை சொல்லலாம் என்பதெல்லாம் உனக்கே தெரியும். எனக்கு எரிச்சல் வந்த இடத்துக்கு நேராக வருகிறேன். நாலாம் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருக்கிறாய். இடது பக்கம் 'நிறை', வலது பக்கம் 'குறை'. நிறையில் நாலு வரி: ஓவியம், இசை, புராணக் கதை, கோட்டைகளின் அழகு. குறையிலும் நாலு வரி: சண்டை, கேமரா, தாவும்போது வரும் தடுமாற்றம், பாதியில் நிற்கும் முடிவு. கீழே பத்துக்கு ஆறரை. நாலுக்கு நாலு எப்படி இவ்வளவு சரியாக அமைந்தது? தராசுத் தட்டு சமமாக நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டிருக்கிறாய். முதல் மூன்று பக்கத்திலும் இதே பழக்கம்தான். பென்சிலால் வட்டம் போட்டு எண்ணினேன், 'ஆனால்' பத்தொன்பது இடத்தில் வருகிறது. காட்சி கண்ணைப் பறிக்கிறது, ஆனால் சண்டை சுமார். கதை புதுசு, ஆனால் முடிவு ஏமாற்றம். இப்படி எழுதினால் படிக்கிறவனுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? எழுதினவன் யாரிடமும் கெட்ட பேர் வாங்க விரும்பவில்லை என்பது தெரியும், அவ்வளவுதான்.

சுமாரான கேமைப் பற்றி எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம். நன்றாக வந்த கேம் தன்னைத்தானே எழுத வைத்துவிடும். மட்டமான கேமைத் திட்ட யாராலும் முடியும். நடுவில் நிற்கிற கேமுக்குத்தான் விமர்சகன் தேவைப்படுகிறான். அங்கே போய் நீ கட்டத்துக்குள் ஒளிந்துகொண்டாயே என்பதுதான் என் வருத்தம்.

ராஜியையே எடுத்துக்கொள். கேமரா எங்கே இருக்கிறது? தூரத்தில், உயரத்தில், நம் கைக்கு அகப்படாத இடத்தில். அது அங்கே இருப்பதால்தான் கோட்டை கோட்டையாகத் தெரிகிறது. நாயகி ராஜி கட்டைவிரல் அளவு ஓடுகிறாள். அவளைச் சுற்றி வளைவும் மாடமும் சுவரோவியமும் எழுந்து நிற்கின்றன. ராஜஸ்தான் பக்கத்துக் கோட்டைக்குள் பஸ்ஸில் போய் இறங்கினவனுக்கு வரும் மலைப்பு அதில் வருகிறது. அதே தூரம்தான் சண்டையைக் கெடுக்கிறது. அசுரன் கை ஓங்குவது கண்ணில் படுவதற்குள் அடி விழுந்துவிடுகிறது. விளிம்பில் நின்று தாவப் பார்த்தால் எதிர்த்தளம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கணக்கு பிடிபடுவதில்லை. தூணைச் சுற்றிச் சுழன்று அடிக்கிற சர்க்கஸ் வித்தையெல்லாம் அவளுக்குத் தெரியும். கூட்டம் கூடிவிட்டால் நம் விரல் ஒரே ஒரு அடியைத்தான் திரும்பத் திரும்ப அடிக்கிறது. நீ நிறையில் போட்ட கோட்டை அழகும், குறையில் போட்ட கேமராவும் சண்டையும் தடுமாற்றமும் ஒரே வேரில் முளைத்தவை. கேமராவைக் கிட்டே கொண்டுவந்தால் சண்டை தேறும், கோட்டை போய்விடும். இந்தக் கேமைச் செய்த புனே குழு எதைக் கொடுத்து எதை வாங்கியது, அந்த வியாபாரம் கட்டுபடியானதா என்பதைத்தான் நீ எழுதியிருக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2001-இல் திருத்தணி மலைக்குப் போகிற ரோட்டில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு ப்ரௌசிங் சென்டர் திறந்தேன். மணிக்கு 20 ரூபாய். மெயில் பார்க்க வந்தவர்களை விட ஐ.ஜி.ஐ. ஆட வந்த பையன்கள்தான் அதிகம். 2000 டிசம்பரில் வந்த கேம். நார்வேயில் இன்னர்லூப் என்ற கம்பெனி செய்தது. அதற்கு முன்னால் அவர்கள் போர் விமானம் ஓட்டும் 'ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்' செய்தவர்கள். அந்த விமான கேமின் இன்ஜினையே துப்பாக்கிச் சண்டைக்குத் திருப்பிக்கொண்டார்கள். அதனால்தான் அதில் மலையும் பள்ளமும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகிடந்தது. மற்ற கேம்களில் நடை, அறை, கதவு என்று எலிப்பொறிக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மிஷன் நடுவில் சேவ் செய்ய வழி கிடையாது. அலாரம் அடித்துவிட்டால் ஒரே கதவிலிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பான். எதிரிக்குப் புத்தி மட்டு. நண்பனோடு சேர்ந்து ஆடவும் முடியாது. அப்போது ஒரு கணினி மாத இதழுக்கு நான் எழுதிக்கொண்டிருந்தேன். நானும் உன்னைப்போலவே கட்டம் போட்டேன். நிறை: பரந்த வெளி, துப்பாக்கிச் சத்தம். குறை, முதல் வரி: சேவ் வசதி இல்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்து ரயிலில் வந்து இங்கே பள்ளிக்கூடம் படித்த ஒரு பையன் தினமும் வருவான். எட்டாவதோ ஒன்பதாவதோ. முதல் நாள் உட்கார்ந்ததும் கேட்டது: "அன்னா, சேவ் எக்கட?" சேவ் எங்கே என்கிறான். இல்லையடா என்றேன். நம்பாமல் மெனு முழுக்கத் தேடினான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் நாற்பது நிமிஷமாக ஒரே மிஷனில் இருந்தான். குன்றின் மேல் பதுங்கியபடி பைனாகுலரில் காவல்காரர்களை எண்ணி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டான். கேமரா திரும்பும் நேரத்தை வாயால் ஒன்று, ரெண்டு, மூன்று என்று முணுமுணுத்தான். வேலியைத் தாண்டி உள்ளே இறங்கினபோது கரண்ட் போனது. யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. மற்ற ஐந்தையும் நிறுத்தினால் அவனுடையது இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். நான் ஒன்றும் சொல்லவில்லை, மற்ற பையன்கள் தாங்களே எழுந்து நிறுத்திவிட்டு அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மின்விசிறி இல்லை. ஒருத்தரும் பேசவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவன் ஓடவில்லை. அந்த நிலையிலும் குனிந்து, பதுங்கி, சுவர் ஓரமாகவே போனான். மிஷன் முடிந்து எழுத்து வந்தது, திரை அணைந்தது. அந்தக் கூச்சல் எதிர்த்த வரிசைப் பூக்கடை வரைக்கும் கேட்டது.

2003-இல் இரண்டாம் பாகம் வந்தது. நடுவில் சில தடவை சேவ் செய்துகொள்ளலாம். முதல் பாகத்துக்கு நான் குறை என்று எழுதியதைச் சரிசெய்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தோஷம். இரண்டு நாள் ஆடிவிட்டு அந்தப் பையன் சொன்னான்: "அதி பாகுந்தி அன்னா, கானி பயம் லேது." நல்லாத்தான் இருக்கு, ஆனால் பயம் இல்லை. அவனும் ஒரு 'ஆனால்' போட்டான், தம்பி. உன் பத்தொன்பதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார். சேவ் இல்லாத குறைதான் அந்த மலையை மலையாக்கியது, பைனாகுலரை எடுக்க வைத்தது, நோட்டில் புள்ளி வைக்க வைத்தது. நான் இரண்டு தனித்தனிக் கட்டத்தில் எழுதியதை அவன் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டான். அதற்குப் பிறகு நான் கட்டம் போட்டதில்லை. நட்சத்திரம் கட்டாயம் வேண்டும் என்று ஆசிரியர் சொன்னார். கொஞ்ச நாளில் அங்கே எழுதுவதையும் நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆடியது எந்த ராஜி? 2020 ஆகஸ்டில் ஸ்விட்சுக்கு வந்ததா, அக்டோபரில் கம்ப்யூட்டருக்கும் மற்றவற்றுக்கும் வந்ததா, 2022-இல் திருத்தி வெளியிட்ட பதிப்பா? திருத்திய பதிப்பில் சண்டை அசைவுகளை மாற்றினார்கள், இந்திக் குரல் சேர்த்தார்கள். நீயோ குரல் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். எந்தக் குரல்? இங்கிலீஷ் குரலா, இந்திக் குரலா? சண்டையில் விரல் சிக்குகிறது என்கிறாய். கீபோர்டா, கன்ட்ரோலரா? சினிமா விமர்சகனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கேம் வெளியான பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, எவ்வளவு தூரம் ஆடினாய் என்று முதல் பத்தியிலேயே சொல்லாத விமர்சனத்தை நான் பாதி விமர்சனம் என்றுதான் நினைப்பேன்.

நம் நாட்டுச் சின்னக் குழு என்பதால் அரை மதிப்பெண் சேர்த்ததாக எழுதியிருக்கிறாயே, அதை அடித்துவிடு. நாடிங் ஹெட்ஸ் குழு 2017-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் கேட்டு, இலக்கு எட்டாமல் போய், அதற்குப் பிறகும் விடாமல் செய்து முடித்த கேம் இது. 2020-இல் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த அறிமுக கேம் பட்டியலில் இடம்பிடித்தது. டொராண்டோவில் விசை கேம்ஸ் செய்த நம் தமிழ்க் கேம் 'வெண்பா' 2023-இல் வந்து, மறு வருஷம் பாஃப்டாவில் அறிமுக கேம் விருதையே வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஆவி போக வழி விட்டு இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதையே ஒரு புதிராக்கிய கேமை நீட்டி என்ன செய்வது என்று எனக்குத் தோன்றும். இந்தக் குழுக்களுக்கெல்லாம் உன் அரை மதிப்பெண் எதற்கு? கட்டைவிரல் வழுக்கின இடம் எது என்று சொன்னால் அதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஒரு காலத்தில் நானும் நம் பக்கத்துக் கம்பெனி என்று ஒரு கேமைத் தூக்கி எழுதினேன். என் எழுத்தை நம்பி ஒரு பையன் உண்டியல் காசில் அதை வாங்கினான். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டுப் போனான். அது இன்னும் உறுத்துகிறது.

முடிவு ஏமாற்றம் என்று ஒரே வரியில் தாண்டிப் போனாய். கடைசிச் சண்டை முடிந்ததும் கதை அந்தரத்தில் நிற்பது எல்லோருக்கும் தெரியும். நீ திருத்தணிப் பிள்ளை. சூரனோடு போர் முடித்து முருகன் சினம் தணிந்த மலை என்றுதானே நம் ஊருக்குப் பேர். மற்றப் படைவீடுகளில் சூரசம்ஹாரம் நடக்கிற நாளில் இங்கே சம்ஹாரம் கிடையாது, பூ சொரிகிறோம். போருக்குப் பிறகு என்ன என்பதற்கென்றே ஒரு கோயில் வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, அசுரனோடு சண்டை முடிந்ததோடு நின்றுபோகும் ஒரு கதையைப் பற்றி உனக்குச் சொல்ல ஒரு வரிதான் இருந்ததா?

இனி உன் மூன்றாம் பக்கம். சின்ன வயதில் தாத்தா உன்னை ஆந்திரப் பக்கம் தோல்பொம்மலாட்டம் பார்க்கக் கூட்டிப்போனதை எழுதியிருக்கிறாய். பாவை திரையோடு ஒட்டும்போது நிறம் துலங்குவதும், விலகும்போது மங்கிப் பெருத்துப் புகையாவதும், நீ தூக்கம் வராமல் திரைக்குப் பின்னால் ஓடிப்போய் ஆட்டுகிறவரின் கால் சலங்கையைப் பார்த்ததும். அங்கிருந்து ராஜியில் கதை சொல்லும் நிழல்பாவைக் காட்சிகளுக்கு வந்து, இந்தக் குழுவுக்குக் கை நடுங்காத இடம் இதுதான் என்கிறாய். தமிழில் கேமைப் பற்றி இப்படி ஒரு பத்தியை நான் படித்ததே இல்லை. நான் இருபது வருஷம் எழுதியிருந்தாலும் அந்தச் சலங்கை எனக்குக் கிடைத்திருக்காது. அதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

அந்தப் பத்தியிலேயே உன் விமர்சனம் முழுவதும் இருக்கிறது, நீ அதைக் கவனிக்கவில்லை. ராஜியில் கேமரா நிற்பது கூத்துப் பார்க்கிறவன் உட்காருகிற தூரத்தில். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே அழகு. நம் கையில் கொடுத்திருப்பதோ பாவை ஆட்டுகிறவனின் கோல். அவன் திரைக்குப் பின்னால், பாவையை ஒட்டி நிற்க வேண்டியவன். பார்க்கிறவன் இடத்தில் உட்கார வைத்து ஆட்டுகிறவன் வேலையைச் செய்யச் சொன்னால் கை தடுமாறத்தான் செய்யும். கேம் முழுக்க நீ பட்ட சந்தோஷமும் எரிச்சலும் இதிலிருந்துதான் வருகின்றன.

மற்ற மூன்று பக்கத்தையும் தூக்கிப் போடு. மூன்றாம் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஆரம்பித்து மறுபடி எழுது. திருத்திய பதிப்பு என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கன்ட்ரோலரும் இருக்கிறது. வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது, வா.